மிஞ்சிய சிரப்

வணக்கம் நேயர்களே. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப் பற்றி ஒரு மருந்தாளர் என்ற முறையில் பேச அழைத்திருக்கிறார்கள். அமாக்சிசிலின் என்றால் சிலருக்கு யோசிக்க வேண்டியிருக்கும். "தண்ணி கலந்து தருவாங்களே, ஃபிரிட்ஜ்ல வைக்கச் சொல்வாங்களே, அந்த மருந்து" என்றால் எல்லாருக்கும் உடனே தெரியும். நம் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பலவற்றில் இப்போதுகூட ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் தோசை மாவுக்குப் பின்னால் அப்படி ஒரு பாட்டில் நிற்கும். பாதி காலியாக இருக்கும். எப்போது வாங்கியது என்று யாருக்கும் நினைவிருக்காது.

நான் சொல்ல வந்தது அந்தப் பாட்டிலைப் பற்றித்தான். அது ஒரு பிள்ளையின் எடைக்கு, ஒரு நோய்க்கு, சில நாள்களுக்கு மட்டும் என்று கணக்குப் பார்த்துக் கொடுத்த மருந்து. அடுத்த மாதம் வரும் காய்ச்சலுக்கோ தம்பியின் சளிக்கோ அது மருந்தில்லை.

முதலில் இது எந்தக் குடும்பத்து மருந்து என்று பார்த்துவிடுவோம். 1928இல் லண்டனில் அலெக்சாண்டர் ஃபிளெமிங் ஒரு பூஞ்சையில் கண்டுபிடித்தது பெனிசிலின். அதன் வழியில் பிறகு வந்தவைதான் ஆம்பிசிலின், கிளாக்சசிலின், 1972இல் விற்பனைக்கு வந்த அமாக்சிசிலின் எல்லாம். அமாக்சிசிலினோடு கிளாவுலனிக் அமிலம் சேர்த்தால் ஆக்மென்டின் போன்ற மருந்து. சிங்கப்பூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. அமாக்சிசிலினைக் கொண்டுவந்த பீச்சம் நிறுவனம் 1970களிலேயே நம் ஜூரோங்கில் இவ்வகை மருந்துகளுக்கு ஆலை அமைத்தது.

இந்த மருந்துகள் பாக்டீரியாவின் வெளிச்சுவரைக் கட்ட விடாமல் செய்கின்றன. பாக்டீரியா வளர்ந்து பிரியும்போது சுவரைப் புதுப்பித்தாக வேண்டும். கொத்தனார் கையைப் பிடித்துக்கொண்டால் சுவர் எழும்புமா? உள்ளிருக்கும் அழுத்தத்திலேயே கிருமி வெடித்துப்போகும். வைரசுக்கு அப்படிப்பட்ட சுவரே கிடையாது. அதனால்தான் சாதாரணச் சளி, ஃபுளூ, கை-கால்-வாய்ப்புண், டெங்கி எதிலும் இந்த சிரப் ஒன்றும் செய்யாது. பாலர்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு தடவை வரும் காய்ச்சலில் பெரும்பாலானவை வைரசால் வருபவை. காதில் சீழ், தொண்டையில் ஸ்ட்ரெப் கிருமி, சிலவகை நிமோனியா என்று மருத்துவர் பார்த்துச் சொன்னால்தான் இதற்கு வேலை. "ஏன் டாக்டர் ஆன்டிபயாட்டிக் தரலை, பணம் கொடுத்துத்தானே பார்த்தோம்" என்று கிளினிக் வாசலில் முணுமுணுப்பவர்கள் உண்டு. தேவையில்லாத இடத்தில் தராத மருத்துவர் சரியாகத்தான் பார்த்திருக்கிறார் என்பது என் கருத்து.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். கம்பெனியிலிருந்து அது பொடியாகத்தான் வருகிறது. தண்ணீர் பட்ட நிமிடத்திலிருந்து மருந்து மெல்ல மெல்ல வீரியம் இழக்கத் தொடங்கும். அதனால்தான் கொடுக்கும் நேரத்தில் கலக்கிறோம். சில சமயம் ஒரு பாட்டிலைக் கலந்தும் இன்னொன்றைப் பொடியாகவும் கொடுத்து, "முதல் பாட்டில் முடிந்ததும் இதைக் கலந்துகொள்ளுங்கள்" என்போம். இந்த இரண்டாவது பாட்டிலில்தான் தவறு நடக்கிறது. கொதித்து ஆறிய தண்ணீர் வேண்டும், சூடாக இருக்கக் கூடாது. மூடியைத் திறப்பதற்கு முன் பாட்டிலைக் கையில் தட்டுங்கள். அடியில் கட்டியாக உட்கார்ந்திருக்கும் பொடி உதிர்ந்து கொடுக்கும். தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கியதும் பார்த்தால் மட்டம் பாட்டிலில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கீழே இருக்கும். மறுபடி கோடுவரை ஊற்றி மறுபடி குலுக்க வேண்டும். ஒரே மூச்சில் கோடுவரை ஊற்றிக் குலுக்கிவிட்டு, இறங்கிய மட்டத்தை அப்படியே விட்டால், ஒவ்வொரு மில்லியிலும் மருந்து கூடுதலாகிவிடும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் நீர்த்துப்போகும்.

கலந்த தேதியைப் பாட்டிலின் மேல் எழுதிவையுங்கள். ஆக்மென்டின் வகை என்றால் ஃபிரிட்ஜில் வைத்து 7 நாள். தனி அமாக்சிசிலின் தயாரிப்பைப் பொறுத்து 7 நாளோ 14 நாளோ, லேபிளில் போட்டிருக்கும். நம் ஊர் வெயிலில் சமையலறை மேடையில் வைத்துவிடாதீர்கள். ஃபிரீசரிலும் வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் குலுக்க வேண்டும். மருந்து தண்ணீரில் கரைவதில்லை, மிதந்துகொண்டிருக்கிறது. குலுக்காமல் ஊற்றினால் முதல் இரண்டு நாள் பிள்ளைக்கு இனிப்புத் தண்ணீரும் கடைசி இரண்டு நாள் அடியில் தங்கிய மருந்து முழுவதும் போகும்.

அளவு விஷயம் இன்னும் நுட்பமானது. பிள்ளைக்கான அளவை வயதை மட்டும் வைத்துச் சொல்வதில்லை, கிலோக் கணக்கில் எடையைப் பார்த்து மில்லிகிராமில் கணக்கிட்டு, அதை மில்லியாக மாற்றிச் சொல்கிறோம். அமாக்சிசிலின் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் என்றும் வரும், 250 மில்லிகிராம் என்றும் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். "போன தடவை 5 மில்லிதானே கொடுத்தோம்" என்று இந்தத் தடவையும் 5 மில்லி கொடுத்தால், பாட்டில் மாறியிருந்தால் மருந்து இரட்டிப்பாகிவிடும், அல்லது பாதியாகக் குறைந்துவிடும். மில்லியை மட்டும் நினைவில் வைக்காதீர்கள், லேபிளைப் படியுங்கள்.

ஊற்ற டீஸ்பூன் வேண்டாம். வீட்டு ஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று அளவில் மாறும். பாட்டிமார்கள் பாலாடையில் அழகாகப் புகட்டுவார்கள், சிந்தாமலும் புகட்டுவார்கள். ஆனால் பாலாடையில் கோடு கிடையாது. மருந்தோடு கொடுக்கும் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து, வேண்டுமானால் பாலாடைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நேராகச் சிரிஞ்சாலேயே கொடுப்பதாக இருந்தால் தொண்டையைப் பார்த்துப் பீய்ச்சாமல், கன்னத்தின் உட்பக்கமாகச் சிறிது சிறிதாக விடுங்கள். பால்புட்டி முழுவதிலும் மருந்தைக் கலந்துவிட்டால், பிள்ளை பாதியில் நிறுத்தினால் எவ்வளவு போனதென்று கண்டுபிடிக்க வழியில்லை.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல். காலையில் அம்மா கொடுத்திருப்பார், வேலைக்குப் போன பிறகு பணிப்பெண்ணும் கொடுத்திருப்பார், இது தெரியாமல் தாத்தாவும் ஒரு தடவை புகட்டுவார். இல்லையென்றால் "அவங்க கொடுத்திருப்பாங்க" என்று மூவருமே விட்டுவிடுவார்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்தவர் நேரத்தை எழுதினால் போதும். பகல்வேளை மருந்தைப் பராமரிப்பு நிலையத்தில் கொடுக்க வழியில்லை என்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். சில நோய்களுக்கு நாளுக்கு இரண்டு வேளை கொடுக்கும்படி மாற்றி எழுத முடியும்.

அமாக்சிசிலினைச் சாப்பாட்டுக்கு முன்னும் கொடுக்கலாம், பின்னும் கொடுக்கலாம். ஆக்மென்டின் வகையைச் சாப்பிடத் தொடங்கும்போது கொடுத்தால் வயிறு அவ்வளவாகக் கலங்காது. கிளாக்சசிலினுக்கு வெறும் வயிறு வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் கொடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டுவிடுங்கள், இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். கொடுத்து அரை மணி நேரத்துக்குள் பிள்ளை வாந்தி எடுத்தால் அதே அளவை இன்னொரு தடவை கொடுக்கலாம், அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். வயிற்றுப்போக்கு கொஞ்சம் இருக்கும். தண்ணீர், கஞ்சி, பால் என்று கொடுத்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ பிள்ளை துவண்டு சிறுநீர் குறைந்தாலோ காத்திருக்காதீர்கள்.

முதல் வேளை கொடுத்ததும் காய்ச்சல் இறங்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. இது காய்ச்சல் மருந்து இல்லை. அதற்குப் பாராசிட்டமால் தனி. ஆனால் இரண்டு மூன்று நாள் கொடுத்தும் பிள்ளை தேறவில்லை என்றால் மறுபடி காட்டத்தான் வேண்டும்.

எத்தனை நாள் கொடுப்பது? மருத்துவர் சொன்ன நாள்வரை. ஸ்ட்ரெப் தொண்டை நோய்க்கு வழக்கமாக 10 நாள் சொல்வார்கள், தொண்டை வலி மூன்றாம் நாளே போய்விட்டாலும்கூட. இதயத்தைத் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வராமல் தடுப்பதும் அதன் நோக்கம். வேறு சில நோய்களுக்கு 5 நாளே போதும். "பாட்டில் தீரும்வரை" என்று நினைத்து நீட்டிக்கொண்டே போவதும் தவறுதான். 1945இல் நோபெல் உரையிலேயே ஃபிளெமிங், போதாத அளவில் பெனிசிலின் எடுத்தால் கிருமிகள் அதைத் தாங்கப் பழகிக்கொள்ளும் என்று எச்சரித்துவிட்டார். சிங்கப்பூர் 2017இல் மருந்தை எதிர்க்கும் கிருமிகளுக்கு எதிராகத் தேசிய அளவிலான செயல்திட்டமே வகுத்தது.

ஒவ்வாமை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கொடுத்த சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் கண்ணும் வீங்குவது, மூச்சு இழைப்பது, பிள்ளை மயங்குவது என்றால் ஆம்புலன்சுக்கு 995 அழையுங்கள். கிளினிக்கில் வரிசை எண் எடுக்கும் நேரமில்லை அது. ஐந்தாறு நாள் கழித்து வரும் செம்புள்ளிகள் பெரும்பாலும் வேறு கதை. வைரஸ் நோயின் தடிப்பாகவும் இருக்கலாம். அடுத்த வேளை கொடுப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள், தடிப்பைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மறுநாள் மறைந்துவிட்டால் அந்தப் படம்தான் சாட்சி. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சொல்பவர்களை முறையாகச் சோதித்தால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேருக்கு உண்மையில் ஒவ்வாமை இருப்பதில்லை. அதற்காக வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கத் துணியாதீர்கள். மருத்துவமனையில் சோதிக்க வழி உண்டு. உண்மையான ஒவ்வாமை இருந்தால், அமாக்சிசிலின் என்று மட்டும் சொல்லாமல் பெனிசிலின் வகை என்றே சொல்லுங்கள். இல்லையென்றால் வேறு பெயரில் அதே குடும்பத்து மருந்து கைக்கு வந்துவிடும்.

சரி, ஏன் மிஞ்சுகிறது? ஒரு தடவைக்கு 5 மில்லி, நாளுக்கு மூன்று வேளை, ஐந்து நாள் என்றால் 75 மில்லி. பாட்டில் 60 மில்லி என்றால் இரண்டு தர வேண்டியிருக்கும், 45 மில்லி நிச்சயம் மிஞ்சும். அதைப் பார்த்து, "நாள் குறைத்துக் கொடுத்துவிட்டோமோ" என்று குழம்ப வேண்டாம். ஊருக்குப் போய் வரும்போது சென்னையிலிருந்தோ ஜோகூரிலிருந்தோ "இருக்கட்டும்" என்று பெட்டியில் போட்டுக்கொண்டு வரும் பாட்டிலுக்கும் இதே பேச்சுதான். அதன் வீரியம் வேறாக இருக்கலாம். இங்கே இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து.

சொன்ன நாள்கள் முடிந்த அன்றே மிச்சத்தை அப்புறப்படுத்துங்கள். சிங்க்கிலோ கழிவறையிலோ ஊற்றாதீர்கள். பழைய டிஷ்யூத் தாள்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அதன் மேல் ஊற்றி, இறுக முடிச்சுப் போட்டுக் குப்பையில் சேருங்கள். பாட்டிலில் பிள்ளையின் பெயர் ஒட்டியிருக்கும், அதைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். சிரிஞ்சைக் கழுவி வைத்துக்கொள்ளலாம், அடுத்த காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் அளக்க உதவும். வணக்கம்.