பச்சைச் சீருடைக்காரரின் இருண்ட குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், நகரப் பூங்காத் துறையில் பச்சைச் சீருடை போட்டு வேலை பார்த்த ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். குப்பை வண்டி ஓட்டியவர். ஆறரை அடிக்கும் மேல் உயரம். பின்னாளில் ராக் பாடகரான அவர் பெயர் பீட்டர் ஸ்டீல். 1962 ஜனவரி 4 அன்று பிறந்தார். ஐந்து அக்காக்களுக்குப் பிறகு வந்த கடைக்குட்டி.

முதலில் 'கார்னிவோர்' என்ற குழுவில் முரட்டு வேகத்தில் பாடினார். அப்போது எழுதிய சில வரிகளை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. அப்புறம் 1989-இல் பழைய நண்பர்களோடு 'டைப் ஓ நெகட்டிவ்' குழுவைத் தொடங்கினார். வேகம் குறைந்தது, குரல் ஆழமானது. பிளாக் சப்பாத் என்ற ராக் குழுவின் கனத்த கிட்டாரும் பீட்டில்ஸ் குழுவின் இனிமையும் அவருக்கு ஒரே அளவு பிடிக்கும். இரண்டையும் சேர்த்து, மேலே தேவாலய ஆர்கன் போன்ற கீபோர்டு ஒலியைப் பரப்பினால் எப்படி இருக்கும்? அதுதான் இவர்களுடைய காத்திக் மெட்டல் என்ற இருண்ட, கனத்த ராக் இசை. 1993-இல் வந்த 'பிளடி கிஸ்ஸஸ்' தொகுப்பு அமெரிக்காவில் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டிப் பிளாட்டினம் சான்று பெற்றது. மேடைக்குப் போன பிறகும் பூங்கா வேலையை அவர் மறக்கவில்லை. 1996-இல் வந்த 'அக்டோபர் ரஸ்ட்' தொகுப்பில் 'கிரீன் மேன்', அதாவது 'பச்சை மனிதன்' என்றே ஒரு பாட்டு உண்டு.

அதே தொகுப்பில் 'ரெட் வாட்டர்' என்று இன்னொரு பாட்டு. அதைத்தான் நான் அடிக்கடி கேட்கிறேன். கிறிஸ்துமஸ் இரவு, வீட்டில் எல்லாரும் சாப்பாட்டு மேசையில் கூடியிருக்கிறார்கள். இறந்துபோனவர்களின் நாற்காலிகள் மட்டும் காலி. அவ்வளவுதான் பாட்டு. கல்லறை, பேய், இரத்தம் என்று இந்த இசையைப் பார்த்துப் பயப்படுகிறவர்களிடம் நான் இதைத்தான் போட்டுக் காட்டுவேன். பண்டிகை நாளில் அப்பாவை நினைத்து அழாத வீடு உண்டா? வெளியே காட்டிய கறுப்புக்கு உள்ளே, குடும்பத்தை இழந்துகொண்டே வந்த ஒரு கடைக்குட்டிப் பிள்ளை இருந்தார். 1999-இல் வந்த 'வேர்ல்ட் கமிங் டவுன்' தொகுப்பில் அந்தத் துக்கம் இன்னும் பச்சையாகக் கேட்கும். போதைப் பழக்கத்தோடு அவர் பட்ட பாடும் அதில் இருக்கிறது. கேட்கக் கஷ்டமான தொகுப்புதான். ஆனால் அவர் எதையும் மறைக்கவில்லை.

கடைசி ஆண்டுகளில், பிறந்து வளர்ந்த கத்தோலிக்க நம்பிக்கைக்குத் திரும்பினார். 2007-இல் கடைசித் தொகுப்பு வந்தது. 2010 ஏப்ரல் 14 அன்று இறந்தார். வயது 48.

அவர் இடத்தில் வேறு பாடகரை வைத்துத் தொடர்ந்திருக்கலாம். மற்ற மூவரும் அதைச் செய்யவில்லை, குழுவையே முடித்துக்கொண்டார்கள். கீபோர்டு வாசித்த ஜாஷ் சில்வர், அவசர மருத்துவ உதவிப் பணிக்குப் போனார். புரூக்ளினின் பிராஸ்பெக்ட் பூங்காவில் பீட்டரின் நினைவாக ஓர் ஓக் மரம் நிற்கிறது.