நாஷ்வில் மண் தடமும் 23 பதக்கங்களும்: மரபு அணியின் வாதம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, நாற்காலி கிடைக்காமல் பின்னால் நின்றுகொண்டே கேட்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக்குப் பெரிதும் பெருமை சேர்ப்பது சாதனைகளா, மரபுகளா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மா சாதனைகளே என்று பிரமாதமாகப் பேசிவிட்டுப் போனார். அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் உள்ள டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொண்டார். அங்கே 'டைகர்பெல்ஸ்' என்று ஒரு பெண்கள் ஓட்ட அணி. ஒலிம்பிக் போனவர்கள் 40 பேர், பதக்கம் 23, அதில் தங்கம் மட்டும் 13 என்று அடுக்கினார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே நினைத்தேன், இந்த அம்மா எங்கள் அணியில் உட்கார வேண்டியவர், தெரியாமல் நாற்காலி மாறிவிட்டார் என்று.

அதனால் நான் வேறு உதாரணம் தேடப் போவதில்லை. அவர் கொண்டுவந்த அதே பல்கலைக்கழகத்தை வைத்தே பேசுகிறேன்.

அந்த 23ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அதில் வெண்கலம் 4. நாலும் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், 4×100 தொடர் ஓட்டம் என்ற ஒரே ஓட்டத்தில் வந்தவை. ஓடியவர்கள் மே ஃபாக்ஸ், மார்கரெட் மேத்யூஸ், வில்மா ருடால்ஃப், இசபெல் டேனியல்ஸ். மூன்று பேர் அந்தப் பல்கலைக்கழக மாணவிகள். வில்மா அப்போது 16 வயதுப் பள்ளி மாணவி, ஆனால் அந்தப் பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளரிடமே கோடைப் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்தவர். அடுத்து 1960, ரோம். அதே ஓட்டத்தில் தங்கம். மார்த்தா ஹட்சன், லூசிண்டா வில்லியம்ஸ், பார்பரா ஜோன்ஸ், மறுபடியும் வில்மா. இந்தத் தடவை நாலு பேருமே அந்தப் பல்கலைக்கழகம்தான்.

நடுவர் அவர்களே, அமெரிக்கா எவ்வளவு பெரிய நாடு! அந்த நாட்டின் அணிக்கு நாலு பெண்கள் வேண்டும். நாலு பேரும் ஒரே வளாகத்தின் கைவளர்ப்பாக வருகிறார்கள், அதுவும் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கில். ஒரு வில்மா பிறப்பது அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம். நாலு நாலு பேராக வந்துகொண்டே இருந்தால் அதை அதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியுமா? அங்கே ஏதோ ஒரு வழக்கம் வேலை செய்திருக்கிறது. அது என்ன என்று எதிரணி சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

1950இல் எட் டெம்பிள் என்ற இளைஞர் அந்த அணிக்குப் பயிற்சியாளர் ஆகிறார். முதுகலை படித்துக்கொண்டிருந்தவர். சம்பளம் மாதம் 150 டாலர். அதற்குப் பயிற்சியும் தர வேண்டும், வளாகத்துத் தபால் நிலையத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடுவதற்கு இருந்தது கோடுகூடப் போடாத மண் தடம். பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் பன்றிப் பண்ணை. காற்று எந்தப் பக்கம் அடித்தால் பயிற்சி வேகமாக முடிந்திருக்கும் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு உதவித்தொகை என்று அந்தப் பெண்களுக்கு 1960களின் பிற்பகுதி வரை ஒன்றும் கிடையாது. தினமும் இரண்டு மணி நேரம் வளாகத்தில் ஏதாவது வேலை செய்து படிப்புச் செலவை ஈடுகட்டினார்கள். அது இனப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தெற்கு மாநிலம். கறுப்பினப் பல்கலைக்கழகம். வெளியூர்ப் போட்டி என்றால் டெம்பிள் தன் காரில் பெண்களை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டிப் போவார். வழியில் உணவகத்தில் உட்கார விடமாட்டார்கள், கழிப்பறையைத் திறக்கமாட்டார்கள். சாப்பாட்டைக் கட்டிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். மற்றதற்கு வயல்வெளிதான். அப்படிப் போய் இறங்கி, உடனே ஸ்பைக்ஸ் மாட்டிக்கொண்டு ஓடி ஜெயிக்க வேண்டும்.

சரி, கஷ்டப்பட்டார்கள், அதில் மரபு எங்கே வந்தது என்று எதிரணியில் ஒருவர் முணுமுணுக்கிறார். வருகிறேன் ஐயா.

டெம்பிள் சில விதிகள் வைத்தார். கோடையில் தினமும் மூன்று வேளைப் பயிற்சி, முதல் வேளை விடியற்காலை 5 மணிக்கு. தாமதமாக வந்தால் நிமிஷத்துக்கு ஒரு சுற்று கூடுதல். வில்மா ஒரு நாள் அரை மணி நேரம் தூங்கிவிட்டார். 30 சுற்று ஓடினார். மறுநாள் அரை மணி நேரம் முன்னதாகவே தடத்தில் வந்து உட்கார்ந்திருந்தாராம். மாணவிகள் யாருடைய காரிலும் ஏறிச் சுற்றக் கூடாது. ஓட்டம் முடிந்து புகைப்படக்காரர் வருவதற்குள் தலை சீவி, முகம் துடைத்து நிற்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் இன்றைய பெண்களுக்கு எரிச்சலூட்டும். எனக்கும் கொஞ்சம் எரிச்சல்தான். ஓடினால் பெண்மை போய்விடும் என்று பத்திரிகைகளே எழுதிக்கொண்டிருந்த காலத்தில், அதுவும் கறுப்பினப் பெண்களைக் குறை சொல்ல ஊரே காத்திருந்த இடத்தில், அவர் போட்ட வேலி அது. அதைப் பாராட்டச் சொல்லவில்லை. அதற்குள்தான் அவர்கள் ஓடினார்கள் என்று சொல்கிறேன்.

விதி மட்டும் மரபு ஆகிவிடாது, எனக்கும் தெரியும். எந்த ஹாஸ்டலில் விதி இல்லை? மூத்தவர்கள் இளையவர்களுக்கு அதைக் கைமாற்றிக் கொடுக்கும்போதுதான் மரபு ஆகும். மே ஃபாக்ஸைப் பாருங்கள். 16 வயதில் 1948 ஒலிம்பிக். 1952இல் தொடர் ஓட்டத் தங்கம். அதற்குப் பிறகுதான் டெம்பிளிடம் வந்து சேர்கிறார். அப்படிப்பட்ட நட்சத்திரம், 1956 தேர்வுப் போட்டியில் நடுங்கிக்கொண்டிருந்த வில்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, என்னோடு ஒட்டியே ஓடு என்று தைரியம் சொன்னார். 200 மீட்டரில் இருவரும் ஒன்றாகவே கோட்டைத் தொட்டார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தச் சிறுமி தன்னுடைய இடத்துக்கே போட்டியாக வரக்கூடியவள். இன்றைக்கு நம் ஊரில் மாவட்ட அணித் தேர்வில் எந்த சீனியர் அப்படிச் சொல்கிறார்? ஸ்பைக்ஸைக்கூட இரவல் தரமாட்டார்கள்.

வில்மாவின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். போலியோ, காலில் இரும்புக் கம்பி, 22 பிள்ளைகளில் 20ஆவது, ரோமில் மூன்று தங்கம். எதிரணி அம்மா அதைக் கண்ணீரோடு சொன்னார், நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. அவர் விட்டுவிட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். ரோமில் அந்தத் தொடர் ஓட்ட இறுதியில், பார்பரா ஜோன்ஸ் கையிலிருந்து வில்மா கைக்குக் கோல் மாறும்போது தடுமாறியது. கீழே விழாத குறை. அமெரிக்கா பின்தங்கியது. வில்மா சமாளித்துப் பிடித்து, ஜெர்மனியின் யுட்டா ஹைனேயைத் துரத்திக் கடந்தார். 44.5 வினாடி. இது முழுக்க வில்மாவின் கால்களுக்கு உரிய பெருமை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முந்தைய சுற்றில், கோல் ஒழுங்காக மாறியபோது, அதே நாலு பேர் ஓடிய நேரம் 44.4, உலக சாதனை! தனித்திறமை காப்பாற்றிய ஓட்டத்தைவிட, மண் தடத்தில் பழகியது பழகியபடி நடந்த ஓட்டம் வேகமாக இருந்திருக்கிறது. இதை நான் சொல்லவில்லை, கடிகாரம் சொல்கிறது.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. நூறு மீட்டர் ஓட்டத்தில் கார்ல் லூயிஸ் பெயர் கேள்விப்பட்டவர்கள் கை தூக்குங்கள். அடேயப்பா, பாதி அரங்கம். வயோமியா டயஸ்? நடுவர் அவர்களே, கைகளை எண்ணிக்கொள்ளுங்கள், ஒரு கை விரல்களே போதும். 1964 டோக்கியோவில் நூறு மீட்டர் தங்கம், 1968 மெக்சிகோவில் உலக சாதனையோடு மறுபடியும் தங்கம். அந்த ஓட்டத்தில் தங்கத்தைத் தக்கவைத்த முதல் மனிதர், ஆண் பெண் இருபாலரையும் சேர்த்தே முதல் ஆள், அவர்தான். கார்ல் லூயிஸ் அதைச் செய்தது இருபது வருடம் கழித்து. பதக்கம் தானாகவே பெருமையைக் கொண்டுவந்து சேர்க்கும் என்றால் இந்த அம்மாவின் பெயர் ஏன் உங்களுக்குத் தெரியவில்லை?

அவரும் டெம்பிளின் கோடைப் பயிற்சிக்கு ஜார்ஜியாவிலிருந்து வந்த பள்ளிச் சிறுமிதான். டோக்கியோவில் அவருக்கு அடுத்ததாக வெள்ளி வாங்கியவர் யார்? ஈடித் மெக்குவயர். அவரும் டைகர்பெல். எல்லோரும் மெக்குவயர்தான் ஜெயிப்பார் என்று எதிர்பார்த்திருந்தார்கள், 19 வயது டயஸ் முந்திவிட்டார். மெக்குவயர் 200 மீட்டரில் தங்கம் வாங்கிக்கொண்டார். வீட்டுச் சொத்தைப் பாகம் பிரித்த மாதிரி!

எதிரணி அடுத்து என்ன சொல்லும் என்றும் தெரியும். 1960 அக்டோபரில் வில்மாவின் சொந்த ஊர் கிளார்க்ஸ்வில் அவருக்கு வரவேற்பு வைத்தது. கறுப்பர், வெள்ளையர் என்று பிரித்து உட்கார வைப்பதாக இருந்தால் நான் வரமாட்டேன் என்றார் வில்மா. ஊர் பணிந்தது. இரண்டு இனத்தவரும் சேர்ந்து கலந்துகொண்ட முதல் பொதுநிகழ்ச்சி அந்த ஊருக்கு அதுதான். தங்கம் இல்லாவிட்டால் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள் என்பீர்கள். உண்மை. அந்த மேடையைத் தந்தது தங்கம்தான், மறுக்கமாட்டேன். ஆனால் அதே 1960இல், ரோமுக்குப் பல மாதம் முன்பே, பிப்ரவரியிலிருந்து நாஷ்வில் கடைகளில் உணவு மேசை முன்னால் உட்கார்ந்து மறியல் செய்தார்களே மாணவர்கள், அதில் இந்தப் பல்கலைக்கழக மாணவர்களும் இருந்தார்கள். மே மாதம் அந்த மேசைகள் அவர்களுக்குத் திறந்தன. அவர்கள் கழுத்தில் எந்தப் பதக்கம் தொங்கியது?

பதக்கம் இல்லை என்றால் பெருமை இல்லை என்று கணக்குப் போட்டால், அதே ரோமில் 400 மீட்டரில் நாலாவதாக வந்த நம் மில்கா சிங்கை எந்தப் பட்டியலில் வைப்பீர்கள்?

ஒரு விஷயத்தில் எதிரணிக்கு நானே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறேன். 1972இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது, பெண்களின் விளையாட்டுக்கும் பல்கலைக்கழகங்கள் சம வாய்ப்பு தர வேண்டும் என்று. நல்ல சட்டம். அதன் பிறகு பணக்காரப் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பினப் பெண்களுக்கும் உதவித்தொகையோடு கதவைத் திறந்தன. திறமைசாலிகள் அங்கே போனார்கள். நாஷ்வில்லின் பதக்க அறுவடை குறைந்தது. மரபு அப்படியேதானே இருந்தது, பதக்கம் ஏன் குறைந்தது என்று நீங்கள் கேட்கலாம். நான் திருப்பிக் கேட்கிறேன். பதக்கம் பணம் இருக்கும் பக்கம் போய்விடும் என்றால், அது எப்படி ஒரு பல்கலைக்கழகத்தின் நிலையான பெருமை ஆகும்? போகாமல் நின்றது எது? 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு தொடர் ஓட்டங்களிலும் தங்கம் வாங்கினாரே சாண்ட்ரா சீஸ்பரோ, அவரும் டெம்பிளின் மாணவி. 44 வருடம் பயிற்சி தந்து 1994இல் டெம்பிள் ஓய்வு பெற்ற பிறகு அந்த அணியைக் கையில் எடுத்துக்கொண்டவர் அவர்தான். தங்கம் வாங்கியவர் எங்கே வேண்டுமானாலும் போயிருக்கலாம், அந்தத் தடத்துக்கே திரும்பி வந்து விசிலை எடுத்து மாட்டிக்கொண்டார்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். ஒரே ஒரு எண்ணோடு முடிக்கிறேன்.

ஒலிம்பிக் போன 40 பேர் என்று எதிரணி சொன்னதல்லவா? அந்த 40 பேரில் 39 பேர் படித்து முடித்துப் பட்டம் வாங்கினார்கள். சமூகவியலும் நடத்திய டெம்பிள், பதக்கங்களைவிட அதிகமாகச் சொல்லிக்கொண்ட கணக்கு இது. முதலில் படிப்பு, அப்புறம்தான் ஓட்டம் என்று 1950இல் ஆரம்பித்த வழக்கத்தின் கணக்கு. வில்மா தங்கத்தோடு வந்து, பட்டத்தையும் முடித்து, ஆசிரியர் வேலைக்குப் போனார்.

எனக்குப் பிறகு பேச வரும் எதிரணி நண்பர் வேறு எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். 23ஐ உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டீர்கள், சந்தோஷம். இந்த 39ஐ எந்தக் கணக்கில் எழுதப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஒலிம்பிக் மேடையில் அதற்குப் பீடம் கிடையாது, கொடி ஏற்றுவது கிடையாது, தேசிய கீதம் கிடையாது. எங்கள் பக்கம்தான் எழுத முடியும். எழுதிவிட்டுத் தீர்ப்பைச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.