பழைய காயிலை எப்படி எடுத்தீர்கள்?

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் வைண்டிங் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். எவ்வளவு ஆகும்? எப்போது கிடைக்கும்? மோட்டாருக்குள் கருகிப்போன கம்பிச் சுருளை, அதாவது பழைய காயிலை, எப்படி எடுப்பீர்கள் என்று என்னிடம் கேட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நான் மோட்டாரைக் கொடுக்கிற ஆளாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்பேன்.

காயில் உட்கார்ந்திருக்கும், மோட்டாரின் சுழலாத பகுதிதான் ஸ்டேட்டர். அதன் இரும்பு ஒரே கட்டி கிடையாது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளை அடுக்கி அழுத்தியிருப்பார்கள். தகட்டுக்குத் தகடு மின்சாரம் தாவாமல் இருக்க மெல்லிய பூச்சு உண்டு. அது போய்விட்டால் இரும்புக்குள்ளேயே மின்னோட்டம் சுழன்று சூடு கிளப்பும். பழைய காயிலையோ வார்னிஷ் பாறை மாதிரி பிடித்து வைத்திருக்கும். அவசரக்காரர்கள் கேஸ் பர்னரை நேராகக் காட்டிக் கொளுத்துவார்கள். வேலை சீக்கிரம் முடியும், கூடவே பூச்சும் அங்கங்கே எரிந்துபோகும். முறையாகச் செய்கிறவர்கள் ஓவனில் வைத்து, இரும்பின் சூடு 360 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும்படி பார்த்துக்கொண்டு, மணிக்கணக்கில் காத்திருப்பார்கள்.

ஒரு தொழிற்சாலையிலிருந்து 15 கிலோவாட் மோட்டார் ஒன்று வந்தது. ஒரே வருடத்தில் இரண்டு தடவை வேறு பட்டறையில் புதுக் காயில் கட்டி, மூன்றாம் தடவையும் கருகியிருந்தது. கட்டு சுத்தமாகத்தான் இருந்தது. சுற்று எண்ணிக்கை சரி, கம்பியின் கேஜும், அதாவது கனமும், சரி. காயிலை எடுத்துவிட்டு, வெறும் ஸ்டேட்டரின் நடுவழியாகக் கேபிளைச் சில சுற்று சுற்றி மின்சாரம் கொடுத்தோம். இதைத்தான் கோர் டெஸ்ட் என்கிறோம். கொஞ்ச நேரம் விட்டு, மின்சாரத்தை நிறுத்தி, உள்ளே கையை விட்டுத் தடவினேன். எல்லாப் பக்கமும் வெதுவெதுப்பு. ஒரு இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு, விரலை வைக்க முடியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் அங்கே தகடுகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. காயில் கருகியதும் சரியாக அதே இடத்தில்தான்.

இன்சுலேஷனுக்குத் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. கிளாஸ் எஃப் என்றால் 155 டிகிரி. அதற்கு மேல் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. அந்தச் சூட்டில் எவ்வளவு நல்ல கம்பியைப் போட்டு என்ன பயன்?

கருகாமல் ஓடினாலும் நஷ்டம் உண்டு. அதே 15 கிலோவாட் மோட்டார் முழு லோடில் வருடத்துக்கு 6,000 மணி நேரம் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். செயல்திறன் 91 சதவீதத்திலிருந்து 90 ஆகக் குறைந்தால், வருடத்துக்குச் சுமார் 1,100 யூனிட் மின்சாரம் கூடுதலாகப் போகும். மோட்டார் வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. கம்பியை ஒரு கேஜ் மெல்லியதாகப் போட்டாலும் இப்படித்தான். ஸ்லாட்டில், அதாவது காயில் உட்காரும் பள்ளத்தில், சுலபமாக உட்காரும், தாமிரமும் மிச்சம், மின்கட்டணம் உங்களுடையது.

இன்னொன்று. கருகிய காயிலை உடனே பிய்த்துப் போடாதீர்கள். அதைப் படிக்கலாம். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கறுத்திருந்தால், ஓவர்லோடா, காற்றோட்டம் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மூன்று ஃபேஸ் காயில்களை ஸ்டார், டெல்டா என்று இரண்டு விதமாக இணைப்பார்கள். ஸ்டார் இணைப்பில் இரண்டு ஃபேஸ் கருகி ஒன்று மட்டும் புதுசாக நின்றால், லைனில் ஒரு ஃபேஸ் போயிருக்கிறது. டெல்டாவில் இது தலைகீழ். ஒன்று கருகும், இரண்டு தப்பிக்கும். பட்டறையில் என்னதான் பார்த்துப் பார்த்துக் கட்டினாலும், ஒரு ஃபேஸை இப்படி விட்டுவிடுகிற, பேனலில் இருக்கும் தீய்ந்த கான்டாக்டரை, அதாவது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சை, மாற்றாவிட்டால் மோட்டார் திரும்ப எங்களிடமே வந்து நிற்கும். எங்களுக்கு வருமானம்தான், ஆனால் கெட்ட பெயரும் எங்களுக்குத்தான்.

அந்த 15 கிலோவாட் மோட்டாரை நாங்கள் கட்டவில்லை. உரிமையாளரை அழைத்து, கோர் டெஸ்டை அவர் கண்ணெதிரே இன்னொரு தடவை போட்டு, அவர் கையையே உள்ளே வைக்கச் சொன்னேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "முதல் தடவை கட்டியபோதே இதைப் போட்டுப் பார்த்திருக்கலாமே?" என்றார். அடுத்த வாரம் வேறொரு மோட்டாரை அனுப்பினார். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: காயிலை எடுப்பதற்கு முன்னும் பின்னும் கோர் டெஸ்ட் அளவு எழுதித் தரவும்.

வணக்கம்.