ஆக்சிஜன் ஒரு உலோகமா?! கார் போகாத தீவில் கூடிய நட்சத்திர மாநாடு

[திரையில்: ஏரி, படகு, குதிரை வண்டி]

2008 ஜூலை கடைசி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஹூரான் ஏரிக்குள் இருக்கும் மாக்கினாக் தீவுக்குப் படகு பிடித்து வந்து இறங்குகிறார்கள் விஞ்ஞானிகள். நட்சத்திரம் எப்படி வெடிக்கிறது, தங்கம் எங்கே பிறக்கிறது என்று பேச வந்த கூட்டம். ஆனால் இறங்கினால் டாக்சி கிடையாது! 1898-லேயே அங்கே மோட்டார் வண்டிக்குத் தடை போட்டுவிட்டார்கள்; குதிரை வண்டி, சைக்கிள், இல்லையென்றால் நடராஜா சர்வீஸ். (ஆம்புலன்ஸ் உண்டு, பயப்படாதீர்கள்.)

மாநாட்டின் பெயர் 'நியூக்ளியை இன் தி காஸ்மோஸ்', அதாவது பிரபஞ்சத்தில் அணுக்கருக்கள். 1990-ல் ஆஸ்திரியாவின் பாடனில் தொடங்கி, பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊர் ஊராக நடக்கிறது. வரலாறு போதும்.

இவர்கள் ஏன் நேரில் கூடியே ஆக வேண்டும்? அணுக்கரு வானியற்பியல் ஒரு கூட்டுக் குடும்பம். தொலைநோக்கி ஆள், ஆய்வகத்தில் அணுக்கருக்களை மோதவிடுகிற ஆள், கணினியில் நட்சத்திரத்தைக் கட்டுகிற ஆள், மூவருக்கும் மூன்று பாஷை. சூரியனின் நடுவில் எவ்வளவு சூடு என்று கேளுங்கள்: வானியல்காரர் 1.5 கோடி டிகிரி என்பார், ஆய்வகக்காரர் ஆற்றல் கணக்கில் 1.3 கிலோ எலக்ட்ரான் வோல்ட் என்பார், இரண்டும் ஒன்றேதான். அதைக்கூட விடுங்கள், வானியலில் ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாமே 'உலோகம்'. கார்பன்? உலோகம். நாம் மூச்சில் இழுக்கிற ஆக்சிஜன்? ஆமாம் சார், அதுவும் உலோகம்தான்! என் பத்தாம் வகுப்பு சயின்ஸ் டீச்சர் கேட்டால் ஸ்கேலோடு வருவார்.

அணுக்கரு பக்கம் மட்டும் ஒழுங்கா? மோதலில் அணுக்கரு வினை நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை, அணுக்கரு எவ்வளவு பெரிய இலக்கு என்ற கணக்கில் அவர்கள் அளக்கும் அலகு 'பார்ன்', அதாவது தானியக் கொட்டகை. 1942-ல் பர்டூ பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் இரவுச் சாப்பாட்டின்போது, யுரேனியம் அணுக்கரு கொட்டகை மாதிரி பெரிசு என்று அடித்த கிண்டல் அப்படியே அலகாகிவிட்டது.

நட்சத்திரத்துக்குள் நடக்கும் வினைகளோ அந்தக் கொட்டகையில் தூசி அளவுக்குக்கூட வராது. இத்தாலியில் கிரான் சாஸோ மலையில், 1,400 மீட்டர் பாறைக்கு அடியில் இருக்கும் ஆய்வகத்தில், லூனா என்ற முடுக்கியை (அணுக்கருக்களை வேகமாக ஓடவிட்டு மோத வைக்கும் கருவி) வைத்து, சூரியனுக்குள் இரண்டு ஹீலியம்-3 அணுக்கருக்கள் மோதி நடக்கும் வினையை அளந்தார்கள். மிகக் குறைந்த ஆற்றலில் கருவியில் பதிந்தது மாதத்துக்கு இரண்டே இரண்டு வினை. அமாவாசை, பௌர்ணமி கணக்கு! தரைக்கு மேலே வைத்திருந்தால், விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் கொட்டுகிற இரைச்சலில் அந்த இரண்டும் காணாமல் போயிருக்கும். 2018 மாநாட்டை நடத்தியதே இந்த ஆய்வகம்தான். அங்கே போகிற வழி இன்னும் தமாஷ்: நெடுஞ்சாலைச் சுரங்கத்துக்குள் வண்டி ஓட்டிப்போய் நடுவழியில் திரும்ப வேண்டும்.

சரி, புதிதாக பிஎச்.டி. சேர்ந்த பிள்ளைகள் இந்த மூன்று பாஷையையும் எங்கே கற்பது? அதற்குத்தான் பயிற்சிப் பள்ளிகள். சிசிலியில் எட்னா எரிமலைக்குப் பக்கத்தில், பல தடவை சாந்தா டெக்லா கடற்கரையில் நடந்த ஒன்று; ஆஸ்திரியாவில் ருஸ்பாக் என்ற பனிச்சறுக்குக் கிராமத்தில், மார்ச் மாதத்தில் இன்னொன்று.

உங்களுக்கு இடம் கிடைத்தால் எரிமலையா, பனிமலையா? கமெண்டில் போடுங்கள். நான் குதிரை வண்டிக் கட்சி.