ஊசிக்கு முன் ஒரு கேள்வி

(காட்சி: மடித்துவிட்ட சட்டைக் கை. மேசையில் ஒரு படிவம், பேனா.)

"இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று படிவத்தை நீட்டுவார்கள். நாமும் படிக்காமலே போட்டுவிடுவோம். கையெழுத்து ஆயிற்று, சம்மதம் ஆயிற்றா? எந்த நோய்க்கு இந்த ஊசி, அந்த நோய் வந்தால் என்ன ஆகும், ஊசியால் என்ன வரலாம், போடாவிட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் புரிந்திருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் இடம் இருக்க வேண்டும். அதற்கப்புறம் "சரி" என்றால்தான் அது சம்மதம்.

(காட்சி: தராசு.)

"தடுப்பூசி நல்லதா, கெட்டதா?" என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. எந்த ஊசி, யாருக்கு, எப்போது என்று கேளுங்கள். பெரியம்மை வந்தவர்களில் பத்துக்கு மூன்று பேர் இறந்தார்கள். அதற்கான தடுப்பூசியும் லேசானதல்ல. கையில் புண்ணாகித் தழும்பு விழும், அரிதாக மூளை அழற்சிகூட வரும். இருந்தும் போட்டுக்கொண்டார்கள். 1980-ல் நோய் ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அமெரிக்கா அதற்கு முன்பே, 1972-லேயே, எல்லோருக்கும் போடுவதை நிறுத்திவிட்டது. ஊசி அதேதான். தராசின் எதிர்த்தட்டில் இருந்த நோய்தான் இல்லாமல் போய்விட்டது.

வெறிநாய்க்கடியில் இப்படி எடைபோட நேரமே கிடையாது. அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. காயத்தைச் சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், உடனே ஊசிக்குப் போங்கள். கர்ப்பிணியும் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.

(காட்சி: காத்திருப்பு அறை, காலியான நாற்காலி.)

டெட்டனஸ் மண்ணிலிருந்து வருகிறது, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அந்த ஊசியை மறுத்தால் ஆபத்து மறுத்தவருக்கு மட்டும்; கர்ப்பிணி மறுத்தால் பிறக்கும் குழந்தைக்கும் உண்டு. தட்டம்மை அப்படியில்லை. நோயாளி எழுந்து போன பிறகும் கிருமி 2 மணி நேரம் வரை அந்த அறையின் காற்றில் இருக்கும். அடுத்து வந்து உட்காருவது ஊசி போடும் வயது வராத கைக்குழந்தையாக இருக்கலாம், புற்றுநோய்ச் சிகிச்சையால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருக்கலாம். உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்யும் இந்த ஊசியை அவருக்குப் போடக் கூடாது. சுற்றியிருப்பவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் போட்டிருந்தால்தான் இவர்களுக்குக் காப்பு. மறுக்கும் உரிமை உண்டு என்றே நானும் சொல்கிறேன். ஆனால் இந்தக் கைக்குழந்தையையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

கேள்வி கேட்டாலே "தடுப்பூசி எதிரி" என்று முத்திரை குத்துகிறார்கள், அது பெரிய தவறு. 1999-ல் அமெரிக்காவில் ரோட்டா வைரஸுக்கான ஒரு சொட்டு மருந்தால் சில குழந்தைகளுக்குக் குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொண்டது. வந்த தகவல்களை அலட்சியப்படுத்தாமல் ஆராய்ந்தார்கள், மருந்தைத் திரும்பப் பெற்றார்கள்.

(காட்சி: சுவர்க் கடிகாரம்.)

முன்பு எந்த ஊசிக்காவது ஒவ்வாமை வந்ததா, கர்ப்பமா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். போட்டதும் 15 நிமிடம் அங்கேயே உட்காருங்கள். கடுமையான ஒவ்வாமை சுமார் பத்து லட்சம் டோஸுக்கு ஒருமுறைதான் வரும், ஆனால் வந்தால் நிமிடங்களில் முற்றும். அதற்கான அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள்.