பெட்ரோல் முள்ளு பொய் சொல்லுதா?

வணக்கம் நேயர்களே. பழைய கார் வச்சிருக்கறவங்ககிட்ட வண்டில பெட்ரோல் எவ்ளோ இருக்குன்னு கேட்டுப் பாருங்க, யாரும் முள்ளைப் பாத்து பதில் சொல்ல மாட்டாங்க, போன ஞாயித்துக்கிழமை ஆயிரம் ரூபாய்க்குப் போட்டேன், அதுக்கப்புறம் தாம்பரம் வரைக்கும் போய்ட்டு வந்தேன், இன்னும் இருக்கும்னு மனக்கணக்குதான் சொல்லுவாங்க. ஆரம்பகால ஃபோக்ஸ்வேகன் பீட்டில்ல பெட்ரோல் அளவு காட்டற கேஜே கிடையாது, வண்டி திக்கித் திணறினா கால்கிட்ட இருக்கற ரிசர்வ் லீவரைத் திருப்பணும், அவ்ளோதான். அந்த வண்டிக்காரங்களுக்கு ஏமாற்றமே இல்ல. நமக்கு கேஜும் இருக்கு, நம்பவும் முடியல.

இன்னிக்கு நான் பேசப்போறது அறுபதுகள்ல வந்த பிரிட்டிஷ் வண்டிங்க பத்தி, ட்ரையம்ப், எம்ஜி, மாரிஸ், அப்புறம் அந்த ட்ரையம்ப்ப வச்சு நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். கேஜ் தப்பா காட்டுதுன்னா முக்கால்வாசி பேர் முதல்ல செய்யற வேலை என்னன்னா டேஷ்போர்டைப் பிரிச்சு கேஜைக் கழட்டி எடுத்துக்கிட்டு பழைய பார்ட்ஸ் கடைங்க இருக்கற புதுப்பேட்டைக்குப் போறது. தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. கேஜ் ரொம்ப அபூர்வமாத்தான் கெட்டுப்போகும், கோளாறு பெரும்பாலும் டிக்கி பக்கம், டேங்க்லதான் இருக்கும். பின்னாடிலேர்ந்து முன்னாடி வாங்க.

முதல்ல உங்க வண்டில எந்த வகை கேஜ்னு தெரிஞ்சுக்கணும். சாவியைப் போட்டதும் முள்ளு டக்குனு எகிறி, வளைவுல திரும்பும்போதெல்லாம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடுச்சுன்னா அது பழைய காந்த வகை. சாவியைப் போட்டு அரை நிமிஷம் ஆகியும் முள்ளு சோம்பேறியா மெதுவா ஏறுதா, அது பைமெட்டல் வகை, உள்ள ஒரு சின்ன கம்பிச்சுருள் சூடாகி ரெட்டை உலோகப் பட்டைய வளைக்கும், அந்த வளைவுதான் முள்ளைத் தள்ளுது. ரெண்டுக்கும் டெஸ்ட் நேர்மாறு, அதனாலதான் இத முதல்ல சொல்றேன்.

டேங்க் மேல இருக்கற, பெட்ரோல் மட்டத்த அளக்கற யூனிட்லேர்ந்து ஒயரைக் கழட்டுங்க, சாவியைப் போடுங்க. பைமெட்டல்னா முள்ளு காலின்னு காட்டணும். சாவியை அணைச்சிட்டு அதே ஒயரை எர்த்துக்கு, அதாவது பாடியோட வெறும் உலோகத்துல, கட்டிட்டு மறுபடி சாவியைப் போட்டா ஃபுல்லு பக்கம் ஏறணும். ஏறினதும் உடனே அணைச்சிடுங்க, ரொம்ப நேரம் விட்டா உள்ள இருக்கற சுருள் கருகிடும். இன்னும் பக்குவமா செய்யணும்னா நேரடி எர்த்துக்குப் பதிலா எலக்ட்ரானிக்ஸ் கடைல ரெண்டு மூணு ரூபாய்க்குக் கிடைக்கற 68 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு நடுவுல போடுங்க, ஸ்மித்ஸ் கம்பெனி பைமெட்டல் கேஜா இருந்தா முள்ளு ஏறக்குறைய பாதில வந்து நிக்கும். நின்னுச்சா? கேஜும் நல்லாருக்கு, ஒயரும் நல்லாருக்கு, டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம். காந்த வகைன்னா கழட்டினா ஃபுல்லு, எர்த் பண்ணா காலி. ஒயரைக் கட்டறதும் அவுக்கறதும் சாவி அணைச்ச அப்புறம்தான், பெட்ரோல் டேங்க் பக்கத்துல ஒரு சின்னப் பொறிகூட ஆகாது.

பெட்ரோல் கேஜோட சேந்து டெம்பரேச்சர் கேஜும் கன்னாபின்னான்னு மேல காட்டுதா, அப்ப டேங்க்க விட்டுடுங்க. டேஷ்போர்டுக்குப் பின்னாடி தீப்பெட்டி சைஸ்ல ஒரு தகர டப்பா இருக்கும், வோல்டேஜ் ஸ்டெபிலைசர். பேட்டரி வோல்டேஜ் 12லேர்ந்து 14 வரைக்கும் ஏறி இறங்கினாலும் கேஜுக்கு சராசரி 10 வோல்ட் போற மாதிரி உள்ள ஒரு கான்டாக்ட் திறந்து மூடிக்கிட்டே இருக்கும். அந்த டப்பா எர்த் ஆகறது அத முடுக்கியிருக்கற ஒரே ஒரு ஸ்க்ரூ வழியாத்தான். அங்க துருவோ பெயிண்டோ இருந்தா கான்டாக்ட் திறக்காமயே ஒட்டி நின்னு பேட்டரி வோல்டேஜ் அப்படியே போயிடும், ரெண்டு முள்ளும் மேல ஓடும். ஸ்க்ரூவைக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு முடுக்கினாலே நிறைய வண்டி சரியாயிடும். அவுட்புட்ல மல்டிமீட்டர் வச்சா நம்பர் குதிக்கும், ஒண்ணும் புரியாது, டெஸ்ட் லேம்ப் வச்சுப் பாருங்க, விட்டு விட்டு எரியணும். அணையாம எரிஞ்சா எர்த் இல்ல, எரியவே இல்லன்னா கான்டாக்ட் போச்சு. கெட்டுப்போன டப்பாக்குள்ள 7810ன்னு 10 வோல்ட் குடுக்கற ஒரு ஐசி வச்சு அதே டப்பாவை மூடிடலாம், வெளிலேர்ந்து பாத்தா ஒரிஜினல் மாதிரியே இருக்கும். ஆனா பேட்டரியோட பாசிட்டிவ் பக்கத்த பாடில கட்டியிருக்கற பாசிட்டிவ் எர்த் வண்டின்னா 7910 போடணும், பாத்துக்கோங்க.

இப்ப டேங்க் யூனிட். பேட்டரி ஒயரை ரெண்டு பக்கமும் கழட்டிட்டு, காத்தோட்டமான எடத்துல, யூனிட்டைப் பூட்டியிருக்கற வளையத்த மரக்கட்டையோ பித்தளைக் கம்பியோ வச்சுத் தட்டித் திருப்புங்க, இரும்பு உளி வேண்டவே வேண்டாம். வெளிய எடுத்தா நம்ம மொட்டைமாடி தண்ணி டேங்க்ல இருக்கற மிதவை மாதிரிதான் இருக்கும், ஒரு கம்பி, நுனில ஒரு ப்ளோட். ப்ளோட்டைக் காதுகிட்ட வச்சு ஆட்டுங்க. உள்ள களக் களக்னு கேட்டா பித்தளை விரிசல் விட்டு பெட்ரோல் புகுந்திருக்கு, அது மிதக்காது, முழுகித்தான் கிடக்கும், டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தாலும் காலின்னுதான் காட்டும். அதுக்கு ஈயம் வைக்கறேன்னு உள்ள பெட்ரோல் வாடையோட சூடு காட்டினா வெடிக்கும், புது ப்ளோட் வாங்கிடுங்க. இன்னும் பழைய வண்டிங்கள்ல ப்ளோட் கார்க்கா இருக்கும், மேல அரக்குப் பூச்சு. அரக்கு ஆல்கஹால்ல கரையும், இப்ப பங்க்ல வர்றதோ 20 சதவீதம் எத்தனால், அதுவும் ஆல்கஹால்தான், மத்தத நீங்களே யோசிச்சுக்கோங்க.

ப்ளோட் நல்லாருந்தா மீட்டரை ஓம்ஸ்ல வச்சு கம்பியைக் கீழேர்ந்து மேல மெதுவா நகத்துங்க. பைமெட்டல் வகைல கீழ சுமார் 240, மேல 20, 30 வரைக்கும் வரும், நடுவுல எங்கயும் விட்டுப்போகக் கூடாது. அரை டேங்க் வந்ததும் முள்ளு திடீர்னு செத்து விழற வண்டிக்கெல்லாம் இங்கதான் வியாதி, மெல்லிசு கம்பிச் சுத்து தேஞ்சு அறுந்திருக்கும். மாத்தும்போது அதே வகை யூனிட்டா பாருங்க, காந்த வகையோடது போட்டா முள்ளு தலைகீழா ஓடும். இன்னொண்ணு, டேங்க்குக்கு பெயிண்ட் அடிச்சு அழகா மாட்டினதுக்கு அப்புறம் கேஜ் செத்துப்போச்சுன்னு வர்றவங்க நிறைய பேர். பெயிண்ட் எர்த்தை மறைச்சிடுது. யூனிட் வளையத்துலேர்ந்து பாடிக்கு தனியா ஒரு ஒயர் இழுத்துடுங்க.

மாட்டினதும் காலி டேங்க்ல அஞ்சு லிட்டர் ஊத்திப் பாருங்க. முள்ளு கம்மியா காட்டினா ப்ளோட் கம்பியை லேசா கீழ வளைங்க, ஜாஸ்தியா காட்டினா மேல. ஃபுல்லு பக்கம் கொஞ்சம் தப்பினா விட்டுடலாம், நடுரோட்ல நிக்க வைக்கறது காலி பக்கம்தான், அத மட்டும் கறாரா சரி பண்ணுங்க. அப்புறம் அஞ்சஞ்சு லிட்டரா ஊத்தி முள்ளு எங்க நிக்குதுன்னு ஒரு சீட்டுல எழுதி சன்வைசருக்குப் பின்னாடி சொருகி வைங்க, டேங்க் நேர்ப்பெட்டியா இல்லாத வண்டில முள்ளு பாதின்னா பெட்ரோலும் பாதின்னு அர்த்தம் இல்ல. நன்றி, வணக்கம்.