ஒரு ஞாயிற்றுக்கிழமையின் விலை

நேயர்களுக்கு வணக்கம்.

1960 நவம்பர் 6, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தலுக்கு இன்னும் இரண்டே நாள். அன்று விடியற்காலை மூன்று மணிக்குக் கனெக்டிகட் மாகாணத்தில் வாட்டர்பரி என்ற ஊரில், ஓட்டல் மாடி முகப்பில் வந்து நின்றார் ஜான் கென்னடி. கீழே திடலில் ஆயிரக்கணக்கான பேர் வீட்டுக்குப் போகாமல் அவருக்காகக் காத்துக் கிடந்தார்கள். அவரை எதிர்த்து நின்ற ரிச்சர்ட் நிக்சன் அதே ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தார் தெரியுமா? அலாஸ்காவில்!

காரணம், ஒரு வாக்குறுதி. ஜூலை மாதக் கட்சி மாநாட்டில், 50 மாகாணங்களிலும் கால் வைப்பேன் என்று ஊரறியச் சொல்லியிருந்தார் நிக்சன். அலாஸ்காவும் ஹவாயும் முந்தைய ஆண்டுதான் மாகாணங்களாகியிருந்தன. கேட்பதற்குப் பெருந்தன்மையாக இருந்தது. தேர்தலுக்கு முந்தின வார இறுதியில் அலாஸ்கா ஒன்றுதான் பாக்கி.

இதில் என்ன தப்பு என்று புரிய, அந்த ஊர்க் கணக்கு கொஞ்சம் தெரிய வேண்டும். அங்கே நாடு முழுவதும் விழுந்த ஓட்டைக் கூட்டி, யாருக்கு அதிகம் என்று பார்ப்பதில்லை. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொரு மாகாணத்துக்கும் இத்தனை தேர்வாளர்கள் என்று ஒரு எண்ணிக்கை உண்டு. இப்போது மொத்தம் 538. அதில் 270 கிடைத்தால் வெள்ளை மாளிகை. மெய்ன், நெப்ராஸ்கா இரண்டைத் தவிர மற்ற எல்லா மாகாணங்களிலும், ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவருக்கே அந்த மாகாணத்துத் தேர்வாளர்கள் அத்தனை பேரும். ஆகவே, எப்படியும் ஜெயிக்கப்போகிற இடத்தில் பத்து லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கியும் பயனில்லை. எப்படியும் தோற்கப்போகிற இடத்துக்குப் போவதும் வீண். 2024 தேர்தலில் இரண்டு தரப்பும் ஏழு மாகாணங்களையே சுற்றிச்சுற்றி வந்ததற்கு இதுதான் காரணம்.

பணம் திரட்டலாம். விளம்பர நேரம் வாங்கலாம். வேட்பாளருக்கு இருக்கும் நாட்களை மட்டும் யாராலும் கூட்ட முடியாது. அங்கே தொழிலாளர் தினம் செப்டம்பர் முதல் திங்கட்கிழமை. அது கழிந்து களம் சூடுபிடித்தால், தேர்தல்வரை எட்டு வாரம், மிஞ்சிப்போனால் ஒன்பது. ஒரு ஊருக்கு வேட்பாளர் வந்தால் அன்று மாலை உள்ளூர்த் தொலைக்காட்சி முழுக்க அவர்தான். கூட்டத்துக்கு வந்தவர்களிடம் வாசலிலேயே பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். கடைசி வாரத்தில் வீடு வீடாகக் கதவு தட்டுவது இந்த ஆட்கள்தான். எதிர்க்கட்சிக்காரரை மனம் மாற்றுவது இவர்கள் வேலை இல்லை. நம் ஆள்தான், ஆனால் ஓட்டுப் போடும் செவ்வாய்க்கிழமை வேலை நாளாயிற்றே என்று சோம்பி உட்கார்ந்துவிடுவார் என்கிற மனிதரைக் கிளப்பி விடுவதுதான் வேலை.

நிக்சனுக்கோ நாள் ஏற்கெனவே பற்றாக்குறை. ஆகஸ்டில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் கார்க் கதவில் முழங்காலை இடித்துக்கொண்டார். சின்ன அடிதான், சீழ் பிடித்து, இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மருத்துவமனையில் படுக்க வைத்துவிட்டது. எழுந்ததும், விட்ட நாளைப் பிடிக்க ஓடு ஓடு என்று ஓடினார். செப்டம்பர் 26-இல் சிகாகோவில் தொலைக்காட்சி விவாதத்துக்கு வந்து இறங்கியபோது உடம்பு இளைத்திருந்தது. இறங்கும்போது அதே முழங்கால் மறுபடி இடிபட்டது. அந்த விவாதத்தை வானொலியில் கேட்டவர்கள் நிக்சன்தான் ஜெயித்தார் என்றார்களாம். அதற்குச் சான்று ரொம்ப மெலிது. வானொலியில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாகத்தான் இருக்கிறது.

முடிவு? அலாஸ்காவில் நிக்சன் ஜெயித்தார். 1,144 ஓட்டு வித்தியாசம். கிடைத்த தேர்வாளர்கள் 3. சிகாகோ இருக்கும் இலினாய் மாகாணத்தில் 8,858 ஓட்டில் தோற்றார். போன தேர்வாளர்கள் 27. டெக்சஸும் போயிற்று, அங்கே 24. இந்த இரண்டும் கையில் இருந்திருந்தால் ஜனாதிபதி அவர்தான். அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சிகாகோ புறநகரில் சுற்றியிருந்தால் கணக்கு மாறியிருக்குமா என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 1968-இல் மறுபடி நின்றபோது 50 மாகாணப் பேச்சை அவர் எடுக்கவில்லை. அந்தத் தடவை ஜெயித்தார்.

2016-க்கு வருவோம். ஹிலரி கிளிண்டனுக்கு ட்ரம்பைவிட 28 லட்சத்துக்கும் மேல் ஓட்டு அதிகம்; பணமும் அதிகம். விஸ்கான்சினில் ஏப்ரலில் உட்கட்சித் தேர்தல் முடிந்த பிறகு அவர் ஒரு தடவைகூட அங்கே எட்டிப் பார்க்கவில்லை. அது நம் கோட்டை என்ற நினைப்பு. தேர்தலுக்கு ஆறு நாள் இருக்கும்போது அரிசோனா போனார், புதிதாக ஒன்றைப் பிடிக்கலாம் என்று. அரிசோனா கிடைக்கவில்லை, விஸ்கான்சின் 22,748 ஓட்டில் கைவிட்டுப் போனது. ஒன்றையும் மறைக்கக் கூடாது: பென்சில்வேனியாவுக்கு அவர் திரும்பத் திரும்பப் போனார், கடைசி நாள் இரவு பிலடெல்பியாவில் பெருங்கூட்டம் போட்டார், அங்கேயும் தோற்றார். போனால் ஜெயிக்கலாம் என்று உத்தரவாதம் இல்லை. போகாத இடத்தைப் பற்றித்தான் பிறகு காலமெல்லாம் பேசுகிறார்கள்.

2000-ஆம் ஆண்டுத் தேர்தல் என்றால் எல்லோருக்கும் புளோரிடா ஞாபகம் வரும். கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டில், அல் கோரைவிட ஜார்ஜ் புஷ் முந்தியது வெறும் 537. பாம் பீச் மாவட்டத்தில் வயதானவர்கள் அதிகம், எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு வாக்குச்சீட்டை இரண்டு பக்கமாக அச்சடித்தார்கள். ஓட்டுப் போடக் குத்த வேண்டிய துளைகள் நடுவில் ஒரே வரிசை. இடப் பக்கத்தில் முதல் பெயர் புஷ், அவருக்கு முதல் துளை. இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் இரண்டாவது துளை, வலப் பக்கத்தில் இருந்த சின்னக் கட்சி வேட்பாளர் பேட் புக்கானனுக்கு. கோருக்கு மூன்றாவது. தவறி இரண்டாவதைக் குத்திவிட்டு, பிறகு மூன்றாவதையும் குத்தியவர்கள் பலர். அவை செல்லாத ஓட்டு. அந்த மாவட்டத்தில் விழுந்த தன் ஓட்டுகளில் பல கோருடையவைதான் என்று புக்கானனே பிறகு ஒத்துக்கொண்டார்.

இந்தத் துளைக் கதையில் ஒரு விஷயம் அடிபட்டுப் போகிறது. கோருக்குச் சொந்த மாகாணம் டென்னசி. அவர் தந்தை அங்கிருந்து செனட்டுக்குப் போனவர், மகனும் அப்படியே. அந்த டென்னசியில் அவர் சுமார் 80 ஆயிரம் ஓட்டில் தோற்றார். அங்கே 11 தேர்வாளர்கள். அவர்கள் கிடைத்திருந்தால் புளோரிடா எக்கேடு கெட்டாலும் அவருக்குக் கவலை இல்லை.

வாக்கு எண்ணிய இரவு, தோல்வியை ஒப்புக்கொண்டு புஷ்ஷிடம் தொலைபேசியில் பேசிவிட்டு, மேடையில் அறிவிக்கக் காரில் கிளம்பினார் கோர். புளோரிடாவில் வித்தியாசம் சுருங்கிக்கொண்டே வருகிறது என்று வழியில் செய்தி வந்தது. மேடை ஏறாமல் திரும்பினார். புஷ்ஷை மறுபடி அழைத்து, ஒப்புக்கொண்டதைத் திரும்பப் பெற்றார். வெளியே மழையில் அவருடைய ஆதரவாளர்கள் நனைந்துகொண்டே நின்றார்கள். அந்த மேடை போட்டிருந்த ஊர் நாஷ்வில், டென்னசியின் தலைநகரம்.

வணக்கம்.